ஸ்ரீ மூடா மாமாவின் ஃபோர்வீல்

ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவிலிருந்து பாடாங் ஜாவா அதிக தூரமில்லை. சாலையில் நெரிசல் இல்லாவிட்டால் அரை மணி நேரத்தில் போய்விடலாம். எங்கள் மாமாவின் வண்டிக்கு அந்தத் தூரத்தைக் கடக்க இரண்டரை ஆண்டுகள் ஆயின.

2024 ஜூலை மாதம், ஒரு புதன்கிழமை காலை. வானொலியில் விடுப்பு சொல்லிவிட்டு நான் வண்டியை எடுத்தேன். பக்கத்து இருக்கையில் மாமா. வண்டியின் கிரானை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டிருந்தார். 1996ஆம் ஆண்டின் டொயோட்டா லேண்ட் குரூஸர், 80 வரிசை, கரும்பச்சை நிறம். அது மாமாவின் பெயரிலிருந்து என் பெயருக்கு மாற வேண்டும். அதற்கு முன் பாடாங் ஜாவாவில் இருக்கும் புஸ்பாகோம் நிலையத்தில் பரிசோதனை.

ஹைக்கோம் தொழிற்பேட்டையைக் கடக்கும்போது மாமா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். "இந்த ஊரே வண்டியால வளர்ந்த ஊரு பாப்பா" என்றார்.

அவர் சொன்னது சரிதான். நாமெல்லாம் ஷா ஆலம் என்றதும் நீல மசூதியையும் ஏரியையும் நினைக்கிறோம். 142 மீட்டர் உயர மினாராக்கள் கூட்டரசு நெடுஞ்சாலையிலிருந்தே கண்ணில் படும். ஆனால் அந்த மசூதி கட்டி முடிந்தது 1988இல்தான். அதற்கு முன்பே இந்த ஊர் வாகனங்களைப் பொருத்தத் தொடங்கிவிட்டது. ரப்பரும் செம்பனையும் நின்ற சுங்கை ரெங்கம் தோட்ட நிலத்தில் தொழிற்சாலைகள் எழும்பின. பத்து தீகாவில் 1967இல் வோல்வோ கார்களைப் பொருத்தும் ஆலை தொடங்கியது. மறு ஆண்டே டொயோட்டா கொரோலா இங்கே பொருத்தப்பட்டது. அதே 1968இல் பத்து தீகா பந்தயத் தடம் திறக்கப்பட்டது. 1974 பிப்ரவரி 1ஆம் தேதி கோலாலம்பூரைக் கூட்டரசுப் பிரதேசமாகக் கொடுத்த சிலாங்கூர், 1978இல் ஷா ஆலத்தைத் தலைநகராக்கியது. 1985 ஜூலையில் முதல் புரோட்டோன் சாகா இங்கிருந்துதான் வெளியே வந்தது.

தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் இந்த ஆலைகளில் வேலைக்குப் போனார்கள். மாமா கனரக இயந்திரத்தைப் பிடித்தார். மண்வாரி ஓட்டுநராகத் தொடங்கி, பிறகு சின்னச் சின்ன மண் வேலைக் குத்தகை எடுத்தார். கிள்ளான் பள்ளத்தாக்கில் பல தாமான்களுக்கு நிலம் சமன் செய்தவர்களில் அவரும் ஒருவர்.

இந்த வண்டியை அவர் 2003இல் வாங்கினார். ஒரு கட்டுமான நிறுவனம் பழைய வாகனங்களைத் தள்ளிவிட்டபோது கிடைத்தது. வேலை நாள்களில் பின்னால் டீசல் டிரம், சங்கிலி, மண்வெட்டி. விடுமுறை நாள்களில் நாங்கள். தைப்பூசத்துக்குப் பத்துமலை, பள்ளி விடுமுறைக்குத் தெலுக் இந்தான், ஒருமுறை கேமரன் மலை. எட்டுப் பேர், நாலு பை நெகிழிப் பொட்டலங்கள், அத்தையின் புளிச்சோற்று வாளி. நான் வாந்தி எடுக்காமல் கேமரன் மலை ஏறிய ஒரே வண்டி அதுதான்.

அதற்குக் காரணம் இருந்தது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். 1951இல் டொயோட்டா தன் முதல் நான்கு சக்கர இயக்க வண்டியை ஃபூஜி மலையின் ஆறாவது தங்குமிடம் வரை ஏற்றிக் காட்டியது. 1954இல் அதற்கு லேண்ட் குரூஸர் என்று பெயர் வைத்தார்கள். 1990இல் உற்பத்திக்கு வந்த 80 வரிசையில் பட்டை வில்களை எடுத்துவிட்டு நான்கு சக்கரங்களுக்கும் சுருள்வில் கொடுத்தார்கள். லாரி போலக் குதித்த வண்டி, கார் போல மிதக்கத் தொடங்கியது.

2017இல் மாமாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. வண்டி வீட்டு முன் கூரையின் கீழ் நின்றுவிட்டது. ஓராண்டு கழித்துத் தொலைபேசியில் அழைத்தார்.

"பாப்பா, ஒரு சனிக்கிழமை வாம்மா. பேட்டரி மாத்தி, டயரைப் பார்த்து, ஒரு சுத்து ஓட்டிட்டு வரலாம்."

"சனிக்கிழமை வர்றேன் மாமா."

காலை நிகழ்ச்சி செய்பவர்களுக்குத் தெரியும். வாரம் முழுவதும் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தவளுக்குச் சனிக்கிழமை என்பது தூங்கும் நாள். அந்தச் "சனிக்கிழமை வர்றேன்" மூன்று ஆண்டுகள் நீண்டது. பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

2021 டிசம்பர் 18ஆம் தேதியும் சனிக்கிழமைதான்.

அந்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கொட்டியது என்றார்கள். ஸ்ரீ மூடா கிள்ளான் ஆற்றோரத் தாழ்வான பகுதி. பிற்பகலில் சாலைக்கு வந்த தண்ணீர் இரவுக்குள் வீடுகளின் கீழ்த்தளத்தை விழுங்கியது. ஒற்றை மாடி வீட்டுக்காரர்கள் கூரை மேல் ஏறினார்கள். அந்த வெள்ளத்தில் நாடு முழுவதும் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களை இழந்தோம்.

அன்று இரவு என்னை நிலையத்துக்கு அழைத்தார்கள். பாட்டு, விளம்பரம் எல்லாம் ஓரம் போயின. நேயர்கள் அனுப்பிய முகவரிகளை வாசித்துக்கொண்டே இருந்தேன். எந்த ஜாலான், எத்தனையாவது வீடு, எத்தனை பேர், குழந்தை உண்டா, நோயாளி உண்டா. படகு வைத்திருப்பவர்கள், உயரமான ஃபோர்வீல் வைத்திருப்பவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் வாசித்தோம். ஒரு கட்டத்தில் மாமாவின் தெருப் பெயர் வந்தது. அந்த முகவரியை நான் தாளைப் பார்க்காமலே சொன்னேன்.

மாமாவும் அத்தையும் மாடியில் இரண்டு இரவுகள் இருந்தார்கள். மூன்றாம் நாள் யாரோ இளைஞர்கள் படகில் வந்து இறக்கினார்கள். தண்ணீர் குறைந்த இடத்திலிருந்து ஒரு பழைய ஃபோர்வீல் அவர்களை ஏற்றி நிவாரண மையத்தில் விட்டது. யார் என்று பெயர்கூடக் கேட்கவில்லை என்று அத்தை இன்றும் வருத்தப்படுவார்.

மையத்தில் அத்தை அழுதார். பெட்டி, கட்டில், கல்யாண ஆல்பம் எல்லாம் போயிற்று. மாமா அழவில்லை. வெகுநேரம் கழித்து என்னிடம் மட்டும் சொன்னார்.

"மத்தியானம் தண்ணி முழங்கால் அளவுதான் இருந்துச்சு பாப்பா. வண்டி ஓடுற நிலைமையில இருந்திருந்தா, எதிர்வீட்டுப் பாட்டியையும் பேரப்பிள்ளைங்களையும் ஏத்திக்கிட்டு மேட்டுக்குப் போயிருப்பேன்."

அந்தப் பாட்டி அன்றிரவு சாப்பாட்டு மேசையின் மேல் ஏறி நின்றிருந்தார். பிழைத்துக்கொண்டார். ஆனாலும் மாமாவின் அந்த ஒரு வரி எனக்குள் தங்கிவிட்டது. அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அதனால்தான் அது தங்கியது.

தண்ணீர் வடிந்த பிறகு ஸ்ரீ மூடா தெருக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரு பக்கமும் மலை போலக் குப்பை. வரிசை வரிசையாகச் சேறு பூசிய கார்கள். இழுவை லாரிகள் ஓயாமல் ஓடின. கணினியும் மின்கம்பிகளும் நிறைந்த புதிய கார் மூழ்கிவிட்டால், அதைச் சரிசெய்யும் செலவு காரின் விலையை எட்டிவிடும். வெள்ளத்துக்கான கூடுதல் காப்புறுதியை எடுக்காதவர்களுக்கு இழப்பு முழுவதும் சொந்தக் கணக்கு.

மாமாவின் வண்டியும் கூரை மட்டும் தெரியும் அளவுக்கு மூழ்கியிருந்தது. பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடலாம் என்றார் அத்தை. நான் செக்சன் 16இல் பட்டறை வைத்திருக்கும் ஒரு ஃபோர்மேன் அண்ணனை அழைத்து வந்தேன். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி:

"சாவி போட்டுத் திருகிப் பார்த்தீங்களா, தங்கச்சி?"

"இல்லண்ணே. பேட்டரியே இல்ல."

"அப்ப பொழைச்சிடும்."

பேட்டரி இல்லாததுதான் வண்டியைக் காப்பாற்றியது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது என்ஜினைச் சுழற்றினால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். வெள்ளத்தில் நின்ற எந்த வண்டியையும் "ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்" என்று திருகக்கூடாது. நீங்கள் இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வண்டியின் என்ஜின் 1ஹெச்இசட். ஆறு சிலிண்டர், 4,164 சிசி, டர்போ கிடையாது, கணினி கிடையாது. டீசலைப் பீய்ச்சும் பம்ப் முழுக்க இயந்திர வேலை. டீசல் வண்டிக்குத் தீப்பொறியும் தேவையில்லை. இதே என்ஜினை 70 வரிசை லேண்ட் குரூஸரில் போட்டுக் கரடுமுரடான நாடுகளுக்கு டொயோட்டா பல்லாண்டுகளாக அனுப்பிவந்ததால், சாமான்கள் இன்னும் கிடைக்கின்றன.

அண்ணன் ஆறு குளோ பிளக்குகளையும் கழற்றி, என்ஜினைக் கையால் மெல்லச் சுற்றினார். துளைகளிலிருந்து சேற்று நீர் வந்தது. அடியிலிருந்து இறங்கிய எண்ணெய் தே தாரிக் நிறத்தில் இருந்தது. புதிய எண்ணெய் ஊற்றி, வடித்து, மறுபடி ஊற்றி, மூன்றாவது தடவைதான் எண்ணெய் எண்ணெயாக வந்தது. கியர் பெட்டி, முன் பின் டிஃபரன்ஷியல், எல்லாவற்றிலும் அதே கதை. டீசல் தொட்டியை இறக்கிக் கழுவினோம். டைமிங் பெல்ட், தண்ணீர் பம்ப், சக்கர பேரிங்குகள் மாற்றினோம். இந்த வரிசை வண்டிகளில் முன் சக்கரத்தைத் திருப்பும் உருண்டைக்குள் கிரீஸ் நிரம்பியிருக்கும். சீல் போனால் கசியும். எங்கள் வண்டியில் கிரீஸ் இருந்த இடத்தில் கிள்ளான் ஆற்று மண் இருந்தது.

எனக்கும் வேலை கொடுத்தார். இப்போதுதான் சனிக்கிழமைகள் பட்டறைக்குப் போயின. இருக்கைகளைக் கழற்றி, தரைவிரிப்பை உரித்து, சேசிஸ் சட்டத்தின் துளைகளில் குழாயை விட்டுச் சேற்றை வெளியேற்றினேன். ஒரு நாள் துருவை எடுக்க கிரைண்டரைத் தூக்கியபோது அண்ணன் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"அந்த இடத்துல வைக்காதீங்க! அங்கதான் சேசிஸ் நம்பர் குத்தியிருக்கு. நம்பர் போச்சுன்னா வண்டிக்குப் பேரே இல்ல."

அந்த ஒரு சாண் இரும்பை மட்டும் கம்பித் தூரிகையாலும் மண்ணெண்ணெய்யாலும் இரண்டு சனிக்கிழமைகள் துடைத்தேன். எண்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மாமா பட்டறைக்கு வந்து கிரானை வைத்து ஒப்பிட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் தலையாட்டினார்.

என்ஜின் பேசிய பிறகு எல்லாருக்கும் ஆசை வந்துவிட்டது. டர்போ வைத்த 1ஹெச்டி-டி என்ஜினைப் போடலாம் என்றார் ஒருவர். வண்டியை ஆறு அங்குலம் உயர்த்தலாம் என்றார் இன்னொருவர். கிள்ளானிலிருந்து காப்பார் போகும் பக்கம் கெரேத்தா போத்தோங் கடைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஜப்பானில் ஓடி முடித்த வண்டிகளைப் பாதியாக வெட்டி, உதிரிப் பாகங்களாகக் கப்பலில் கொண்டுவருகிறார்கள். அங்கே பாதி முகங்கள் வரிசையாக நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். அங்கே போனால் எல்லாமே தேவை போலத் தோன்றும். ஆனால் என்ஜினை மாற்றினால் சுங்கப் பத்திரம், சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி, பரிசோதனை, கிரானில் பதிவு என்று ஒரு நீண்ட வரிசை உண்டு. நிறத்தை மாற்றினாலும் பதிய வேண்டும்.

மாமா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இந்த வண்டி எதுக்கு பாப்பா?"

அந்தக் கேள்வியே பட்டியலைப் போட்டுக்கொடுத்தது. என்ஜின் அதேதான். நிறம் அதே கரும்பச்சை. கூடுதலாகச் செய்தவை சில. காற்றை மேலிருந்து இழுக்கும் ஸ்நோர்கல். டிஃபரன்ஷியல், கியர் பெட்டி ஆகியவற்றின் மூச்சுக் குழாய்களை நீட்டி என்ஜின் அறையின் மேல்பகுதிக்குக் கொண்டுவந்தோம். சூடான பெட்டி தண்ணீரில் இறங்கும்போது சட்டெனக் குளிர்ந்து தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், அதைத் தடுக்கத்தான். புதிய பிரேக், புதிய இருக்கைப் பட்டைகள், பின்னால் உறுதியான இழுவைக் கொக்கி. பழைய ரேடியேட்டருக்குப் பதில் புதியது. குளிர்சாதனத்தைச் சரிசெய்தது அத்தையின் நிபந்தனை.

செலவை இருபதாயிரம் ரிங்கிட் வரை எழுதிவைத்தேன். அதற்குப் பிறகு எழுதவில்லை. அந்தப் பணத்துக்கு ஓரளவு நல்ல பழைய மைவி வாங்கலாம். கணக்குப் பார்த்தால் இது லாபமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வண்டி லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் ஓடினால் அதிகம். வேலை முடியும் நேரத்தில், 2024 ஜூன் 10ஆம் தேதி, தீபகற்பத்தில் டீசல் 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னுக்கு ஏறியது. பழைய டீசலின் புகையும் நல்லதல்ல. அதனால் தினமும் வேலைக்கு என் சின்னக் காரில்தான் போகிறேன்.

பாடாங் ஜாவாவில் எங்கள் முறை வந்தது. அதிகாரி மூடியைத் திறந்து என்ஜின் எண்ணைப் பார்த்தார். அடிப்பாகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, கைவிளக்கை அடித்து, சேசிஸ் எண்ணைப் படித்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எண் சரி. கண்ணாடி சரி. ஆனால் வண்டி தேறவில்லை. கூரை மேல் நான் ஆசைப்பட்டு மாட்டியிருந்த நீண்ட விளக்குப் பட்டைக்கு அனுமதி இல்லை. யாருக்கும் சொல்லாமல் நான் வாங்கிய ஒரே பொருள் அதுதான். மாமா சிரித்த சிரிப்பில் பக்கத்து வரிசையில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு மறுவாரம் போனோம். தேறியது.

திரும்பும்போது மாமா பத்து தீகா வழியாகப் போகச் சொன்னார். 1991 முதல் 1997 வரை உலக மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்த தடம் அங்கே இருந்தது. இளவயதில் அங்கே போட்டி பார்க்கப் போன கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். இப்போது அந்த இடத்தில் வீடுகள்தான். எந்த வளைவு எங்கே இருந்தது என்று விரலால் காற்றில் வரைந்து காட்டினார்.

அந்த மாதமே மாமா எனக்குப் பாடம் நடத்தினார். தேங்கிய தண்ணீரில் முதல் கியரில், ஒரே சீரான வேகத்தில் போக வேண்டும். நடுவில் கியர் மாற்றக்கூடாது. சாலை விளிம்பு தெரியாவிட்டால் இறங்கக்கூடாது. ஓடுகிற தண்ணீரில் எந்த வண்டியையும் இறக்கக்கூடாது. "ஸ்நோர்கல் வச்சிருக்கோம்னு நினைச்சிடாதே. வண்டி முங்காது, மிதக்கும். மிதந்தா ஸ்டியரிங் உன் கையில இல்ல" என்றார். அந்த 18ஆம் தேதி இரவு இந்த வண்டியாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. படகுகள்தான் முடியும். இதற்கு இருந்தது அந்தப் பிற்பகலின் இரண்டு மூன்று மணி நேரம் மட்டுமே. அந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்காகத்தான் இப்போது இது தயாராக நிற்கிறது.

பின்பகுதியில் கயிறு, ஆறு மிதவைச் சட்டைகள், கைவிளக்கு. முன் பெட்டியில் ஒரு தாள்: தெருவில் தனியாக இருக்கும் வயதானவர்களின் வீட்டு எண்கள், அவர்கள் பிள்ளைகளின் தொலைபேசி எண்கள். அத்தையின் கையெழுத்து.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் ஸ்ரீ மூடாவுக்குப் போகிறேன். என்ஜினைக் கிளப்பிப் பத்து நிமிடம் விட்டு, மாமாவை ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரை வரை ஒரு சுற்று. கிள்ளான் ஆறு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் ரொட்டிச் சானாய் வாங்கிக்கொள்வோம். வண்டி சத்தம் கேட்டதும் எதிர்வீட்டுப் பாட்டி கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார்.

"இன்னைக்குச் சனிக்கிழமையா?" என்று கேட்டுவிட்டு, எங்களுக்கும் சேர்த்துக் காப்பி போட உள்ளே போய்விடுவார்.